பச்சைக் கேட் வீட்டு ஜாக்கெட்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டின் முன்பக்கம் ஜாக்கெட் அளவுகளுக்கு. பேர், வீடு, மார்பு, இடுப்பு, கை நீளம். பின்பக்கத்திலிருந்து என் வயிற்றெரிச்சலுக்கு. மனுசர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, இனி காகிதத்திடம் சொல்கிறேன்.

இன்று வக்கீல் போன் செய்தார். எங்கள் ஓடைக்காட்டூர் வழக்கில் தண்ணீர் பரிசோதனை அறிக்கை கோர்ட்டுக்கு வந்துவிட்டதாம். "கிணற்று நீர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது." கையெழுத்து, வே. திருவேங்கடம், உதவிப் பொறியாளர்.

அளவுக்குள்ளாம். காலையில் மோட்டார் போட்டால் என் கிணற்றிலிருந்து ரோஸ் நிறத்தில் வருகிறது. மேற்கே இருக்கிற சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன சாயமோ அதுதான் எங்கள் தண்ணீர். தென்னை அத்தனையும் குருத்துக் காய்ந்து நின்றதும் வெட்டிப் போட்டோம். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துகொண்டே இருக்கிறது. எதிர்வீட்டுக் குழந்தைகளுக்கும் அதேதான்.

அந்த ஆள் மார்ச் மாதம் எங்கள் கிணற்றுக்கு வந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து முகர்ந்து பார்த்தார். "குழந்தைங்க இதைக் குடிக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டு நோட்டில் என்னவோ எழுதினார். மோர் கொடுத்தேன், குடித்தார். இவனுக்கா மோர் கொடுத்தேன் என்று இப்போது கை கூசுகிறது.

வழக்கு ஜூலை 9க்கு வருகிறது. அன்றைக்குத் தோற்றால் பட்டறையை மூட வழியே இல்லை என்கிறார் வக்கீல்.

ஜூன் 5, வியாழன்

நெஞ்சழுத்தம் என்றால் இதுதான். திருவேங்கடத்தின் பெண்டாட்டி சுகந்தி ஜாக்கெட் துணியோடு வந்து நிற்கிறாள். ஒரு வருசமாக என்னிடம்தான் தைக்கிறாள். விழுப்புரம் பக்கத்துப் பெண், இங்கே யாரையும் தெரியாது, வந்தால் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவாள். நானும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற அவர்களுடைய பச்சைக் கேட் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை துணி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவள் மகள் மித்ரா, இரண்டாவது படிக்கிறது, என் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டையே அளக்கும்.

இன்று நான் உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை. ஜூலை 4 தம்பி கல்யாணமாம், பட்டுத் துணி, அளவு ஜாக்கெட், எல்லாம் மஞ்சள் பையில் இருந்தது. பையைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, துணிக்கு அடியில ஒண்ணு வச்சிருக்கேன். நான் போனப்புறம் தனியா பாருங்க. நான் கொடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கவர். கையெழுத்துப் போட்ட காசில் எனக்கும் ஒரு பங்கு. வழக்குப் போட்ட எங்கள் போராட்டக் குழுவில் அதிகம் கத்துகிறவள் நான்தானே, என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். பையைப் பிரிக்கக்கூட இல்லை. தூக்கி, தலைக்கு மேலே சாமான் போடுகிற அட்டத்தில் எறிந்தேன். தைக்கவும் மாட்டேன், தொடவும் மாட்டேன்.

குழுவில் சொல்லவில்லை. சொன்னால், இன்னும் அந்த வீட்டுக்குத்தான் தைக்கிறாயா என்று கேட்பார்கள்.

ஜூன் 9, திங்கள்

அந்த ஆள் வேலை செய்கிற தண்ணீர் பரிசோதனை ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம். நூற்றுப்பத்துப் பேர். ஆளுக்கொரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு வெயிலில் நாலு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரு போலீஸ்காரர் எங்கள் பேரை எழுதிக்கொண்டார். ஆபீஸில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மனுவை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். பேப்பரில் நாலு வரி வரும் என்றார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

நாலு வரியும் வரவில்லை. பார்டர் ஜாக்கெட் மூன்று முடித்தேன்.

ஜூன் 14, சனி

தமிழரசுவின் பிளெக்ஸ் கடையில் கூட்டம். குழுவுக்குத் தலைவர் தமிழரசுதான். முப்பத்தைந்து வயது, என்னை அக்கா என்பார், வழக்குக்காகத் தன் வண்டியை விற்றவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

"மனுக் குடுத்தா வாட்ச்மேன் வாங்கறான். மரியாதையாப் போனா மதிக்கமாட்டாங்கக்கா" என்றார். பாடை கட்டி, சங்கு ஊதி, அந்த ஆளுக்கு ஒப்பாரி வைப்பது என்று முடிவாயிற்று. ஒப்பாரிக்கு எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் குரல் எடுப்பவள் நான்.

ராத்திரிச் சமையலைக்கூட மறந்து பாட்டுக் கட்டினேன்.

எங்க கெணத்தக் கொன்னவனே
கண்ண மூடிப் போனாயோ
பொய்யெழுத்துப் போட்ட கையி
பொசுங்கித்தான் போகாதோ

பாடிக் காட்டினேன். நாச்சிமுத்து காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். "பாட்டு நல்லாத்தான் இருக்குது. உசுரோட இருக்கற மனுசனுக்கு வெக்கறதுதான் ஒரு மாதிரியா இருக்குது" என்றார். இவர் எப்போதும் இப்படித்தான், நடுவிலே நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார். உங்கள் காலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ஒப்பாரி எடுபட்டது. சங்குச் சத்தம் கேட்டதும் ஆபீஸே வெளியே வந்துவிட்டது. எதிர்க் கடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். நான் பாட, பெண்கள் மாரடித்தார்கள். எனக்கே கண்ணீர் வந்தது, பாவனைக் கண்ணீர் இல்லை, வெட்டிப்போட்ட தென்னைகளை நினைத்து வந்த கண்ணீர்.

அந்த ஆள் வாசல்படி வரை வந்தார். முழுப் பாட்டையும் நின்று கேட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. பக்கத்தில் மேலதிகாரி வந்து நின்றதும் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. இத்தனை வருசத்தில் எங்களை யாராவது பார்த்தது இன்றைக்குத்தான். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது வண்டியில் ஒருத்தர், ஆபீஸிலேயே இப்படியென்றால் வீட்டுக்கே போனால் என்ன ஆவான் என்றார். வீடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

தமிழரசு தன் மனைவியின் ஜாக்கெட்டை வாங்க வந்தார். பட்டன் கட்ட வேண்டியிருந்தது, உட்காரச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன். பால் காய வெகு நேரம் ஆயிற்று. அளவு நோட்டு மேசைமேல் இருந்தது. எப்போதும் மூடித்தான் வைப்பேன்.

வெயில் கடுமை. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் போஸ்டர் ஒட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தமிழரசு கடையில் அதற்கு அச்சு எப்போதும் தயாராக இருக்கும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் படம், கீழே வருத்தத்தில் வாடுபவர்கள். படத்தையும் பேரையும் மாற்றினால் போதும். "திருவேங்கடம், உதவிப் பொறியாளர், மறைவு" என்று தேதியோடு போட்டிருந்தார். மறைவுக்கு மேலே "மனசாட்சியின்" என்று சின்ன எழுத்தில், செத்தது மனசாட்சிதான் என்று அர்த்தம் வர. நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். இன்னும் பெரிதாகப் போடலாமே என்றேன். பெரிதாகப் போட்டால் போஸ்டரின் அழகு கெடும் என்றார். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், பள்ளிக்கூடச் சுவர் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாடையோடு அவர் வீட்டுக்குப் போனோம். வீடு எப்படியோ தெரிந்துவிட்டது.

கேட்டுக்கு முன்னால் பாடையை இறக்கினார்கள். நான் பாடினேன். ஆபீஸ் முன்னால் பாடிய அதே பாட்டுத்தான். ஆனால் அங்கே தெரு அகலம், இங்கே குறுகல், சத்தம் சுவரில் மோதி எங்கள் காதுக்கே திரும்பி வந்தது. யாரோ காலிங் பெல்லை அழுத்தினார்கள். விட்டு விட்டு இல்லை, அழுத்தியபடியே. இன்னொருத்தர் விளையாட்டாகச் சங்கிலி போட்டு வெளியிலிருந்து கேட்டைப் பூட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

ஜன்னலில் மித்ரா நின்றது. யூனிபார்ம் மாற்றவில்லை. என்னை அடையாளம் தெரிந்து கையை ஆட்டியது. பிறகு பாடையைப் பார்த்தது. சுகந்தி வந்து குழந்தையை இழுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். முக்காடு போட்டிருந்தேன், அவள் என்னைப் பார்த்திருக்கமாட்டாள்.

கலையும்போது பாடையைக் கேட்டிலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். சங்கிலியைக் கழற்றினார்களா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஊசி முறிந்துகொண்டே இருக்கிறது. வேலை ஓடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அந்தத் தெருமுனையில் பூக்கடை போட்டிருக்கும் மருதாயி வந்து சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்.

போஸ்டரை யாரோ போனில் படம் பிடித்து அனுப்ப, அது கைமாறிக் கைமாறி விழுப்புரத்தில் இருக்கிற அவருடைய சொந்தக்காரர்கள் வரைக்கும் போயிருக்கிறது. போனில் பார்க்கிறவர்களுக்குச் சின்ன எழுத்தா தெரியும்? இங்கே வீட்டில் மிரட்டல் அழைப்புக்குப் பயந்து எல்லாப் போனையும் அணைத்து வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குப் பதில் இல்லை. அவருடைய அம்மாவும் பங்காளிகளும் வேன் பிடித்து, மாலையோடும் கோடித் துணியோடும் நேற்று மத்தியானம் வந்து இறங்கியிருக்கிறார்கள். கேட் வாசலில் நாங்கள் சாய்த்து வைத்த பாடை. அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் தெருவில் விழுந்து புரண்டு ஒப்பாரி வைத்திருக்கிறார். சத்தம் கேட்டு மகன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கிறார்.

"மகனப் பாத்ததும் பளார்னு ஒரு அறை அறைஞ்சுதுங்க்கா அந்தம்மா. அப்பறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவேயில்லை. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

மித்ரா பள்ளிக்கூடம் போவதில்லையாம். போஸ்டர் ஒட்டிய அன்றைக்கே, உங்கப்பா செத்துட்டாரா என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். இப்போது அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறதாம், அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறதாம்.

அந்த அம்மாள் என்ன பாடினார் என்று மருதாயியிடம் கேட்டேன். ஏன் கேட்டேனோ. ஒன்றும் பாடவில்லை, பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டது என்றாள்.

ஜூன் 23, திங்கள்

அவர் நீண்ட லீவு போட்டுவிட்டார். தமிழரசு கடையில் ஜிலேபி கொடுத்தார்கள். "பயந்துட்டான் பாத்தீங்களாக்கா" என்றார். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன், வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நாச்சிமுத்து அதைத் தொடவில்லை. "தண்ணிக்குன்னுதான போனீங்க? பயப்படுத்தோணும்னு எப்ப முடிவு பண்ணுனீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மரியாதையாகக் கேட்டபோது யார் காதில் விழுந்தது, வாட்ச்மேன்தானே மனு வாங்கினான் என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜிலேபியை எறும்பு மொய்த்துவிட்டது.

ஜூன் 30, திங்கள்

பச்சைக் கேட் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். வேறு மாவட்டத்துக்கு மாற்றலாம், அவராகவே கேட்டு வாங்கியது. லாரியில் சாமான் ஏற்றினார்கள் என்று மருதாயி சொன்னாள். அவருடைய இடத்துக்குப் புது இன்ஜினியர் வந்தாயிற்று. வந்த அன்றே பட்டறைக்காரரின் காரில் ஏறிப் போனார் என்கிறார்கள்.

கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது. துணி அட்டத்தில்தான் கிடக்கிறது.

ஜூலை 2, புதன்

பையை இறக்கினேன். என்ன இருந்தாலும் அடுத்தவள் பட்டுத் துணி, கூரியரில் அனுப்பிவிடலாம், கவரை அப்படியே திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் பிரித்தேன்.

துணிக்கு அடியில் பழுப்புக் கவர். உள்ளே காசு இல்லை.

ஜெராக்ஸ் காகிதங்கள் ஆறு. அவர் கைப்பட எழுதிய நோட்டின் பக்கங்கள். மார்ச் 12, ஓடைக்காட்டூர், நாச்சிமுத்து தோட்டத்துக் கிணறு. எண்கள் எனக்குப் புரியவில்லை. அடியில் எழுதியிருந்தது புரிந்தது. "குடிக்கத் தகுதியற்றது. குழந்தைகள் குடிக்கின்றனர். பட்டறையின் கழிவே காரணம். உடனே மூடப் பரிந்துரைக்கிறேன்." ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

கூடவே சுகந்தியின் துண்டுச் சீட்டு.

"அக்கா, இவர் எழுதினது இது. மேல மாத்தி எழுதி மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. இவர் தூங்கறதே இல்ல. கோர்ட்ல இருந்து கூப்பிட்டா உண்மையச் சொல்லிடறேன்னு சொல்றார். இவரா வந்து கொடுத்தா வேலை போயிடும். உங்க வக்கீல்கிட்ட கொடுத்து இவரைக் கூப்பிடச் சொல்லுங்க."

ஜூன் 5ஆம் தேதியிலிருந்து என் தலைக்கு மேலே கிடந்திருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் ஒப்பாரி கட்டினேன்.

நான் பாவி. வேறு வார்த்தை தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

தமிழரசுவோடு வக்கீலிடம் போனேன். எப்போது கிடைத்தது என்று இருவரும் கேட்டார்கள். நேற்று என்றேன். பொய் இல்லை, நேற்றுத்தான் பிரித்தேன்.

வக்கீல் காகிதங்களை இரண்டு முறை படித்தார். வெறும் ஜெராக்ஸை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இது என் எழுத்துத்தான் என்று அவரே கோர்ட்டில் வந்து சொன்னால் அறிக்கையே தலைகீழாகிவிடும் என்றார். "ஒரு மாசம் முந்திக் கிடைச்சிருந்தா அந்த மனுசனைக் கையில வெச்சுத் தாங்கியிருக்கலாமேம்மா" என்றார். தமிழரசு தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று அவள் தம்பி கல்யாணம். போன் செய்யவில்லை. என்ன ஜாக்கெட் போட்டிருப்பாளோ.

ஜூலை 6, ஞாயிறு

பதினோரு தடவை கூப்பிட்ட பிறகு சுகந்தி எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். அக்கா இல்லை.

இப்போதுதான் கவரைப் பார்த்தேன் என்றேன். "நீங்க படிச்சிட்டும் பாடறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். முக்காட்டுக்குள் என்னைப் பார்த்திருக்கிறாள். நான் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் போனை அவரிடம் கொடுத்துவிட்டாள்.

இந்த நோட்டு உங்களுடையது என்று ஒன்பதாம் தேதி கோர்ட்டில் ஒரே ஒருமுறை வந்து சொன்னால் போதும், ஊரே உங்கள் காலில் விழும் என்றேன்.

"எந்த நோட்டுங்க? நான் எதுவும் எழுதலயே" என்றார்.

"உங்க கையெழுத்து இருக்குதுங்க சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போன குரலில் மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்குப் போட எங்கம்மா கொண்டுவந்த மாலை ரெண்டு நாள் வீட்லயே கெடந்துதும்மா. அத எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னு யாருக்கும் தெரியல. வேலை போனாப் போகுது, வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்தத் தைரியத்தத்தான் நீங்க எல்லாரும் வந்து அடக்கம் பண்ணிட்டுப் போயிட்டீங்க. செத்தவன் எப்படிம்மா சாட்சிக்கு வருவான்?"

பின்னால் குழந்தை அப்பா, அப்பா என்று கூப்பிட்டது. இருக்கேன் கண்ணு, இங்கதான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஜூலை 9, புதன்

அறிக்கையைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. புது இன்ஜினியர் நேரில் வந்து, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாராம். பட்டறை ஓடும்.

இன்று தண்ணீர் நீலம்.

ஜூலை 11, வெள்ளி

சுகந்தியின் ஜாக்கெட்டைத் தைத்து முடித்தேன். அளவில் ஒரு நூல் பிசகவில்லை. அனுப்ப விலாசம் தெரியாது.

தமிழரசு வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. ஒரு வாரமாக அவர் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"இந்தப் புது இன்ஜினியர் நெசமாலுமே காசு வாங்குனவன்க்கா. இவனை விடக்கூடாது. பாட்டு அதே போதும், பேரை மட்டும் மாத்திக்கலாம். வீடுதான் எங்கன்னு தெரியல. அவன் பொண்டாட்டியும் உங்ககிட்டத்தான் ஜாக்கெட் தைக்க வரும். போன தடவை மாதிரி நோட்டை மட்டும் மேசைமேல வெச்சிருங்க."

உள்ளே கட்டிலில் நாச்சிமுத்து கால் தோலை உரித்துக்கொண்டிருந்தார். தமிழரசு சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் காலைப் பார்த்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மோட்டார் ஓடவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

காலையில் ஒரு புது அம்மாள் வந்தாள். ஊருக்குப் புதிது, யாரையும் பழக்கமில்லை, வீட்டுக்காரர் தண்ணீர் பரிசோதனை ஆபீஸில் இன்ஜினியர் என்றாள். நாலு ஜாக்கெட். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அளவு கொடுத்தாள். நான் அதிகம் பேசவில்லை. வீடு எங்கே என்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

முன்பக்கத்தில் பேர் எழுதினேன், மார்பு, இடுப்பு, கை நீளம் எழுதினேன். வீடு என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

எழுதாவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே.